கிளாவேயின் திசையைக் கண்டறிவது எப்படி?

கேள்வி: மிருதங்கம் முறையாகப் பயின்ற நான், இப்போது கியூப இசையில் வேரூன்றிய சால்சா குழு ஒன்றில் காங்கா என்னும் உயரமான கைமுரசு வாசிக்கிறேன். காலப்பிரமாணத்தில் பிசகு இல்லை என்றாலும், கிளாவேக்கு (கியூப இசைக்கு அடித்தளமான ஐந்தடித் தாளச் சுழற்சிக்கு) எதிராக வாசிப்பதாகக் கூறிக் குழுவினர் என்னை அடிக்கடி நிறுத்துகிறார்கள். கிளாவே குச்சிகளின் ஒலியே கேட்காத பாடலில், அது 3-2 வகையா, 2-3 வகையா என்று எப்படி அறிவது?

பதில்: மிருதங்கப் பயிற்சி உங்கள் காதைச் சமத்தை, அதாவது சுழற்சியின் முதல் தட்டை, நோக்கிப் பழக்கியிருக்கிறது. கியூப இசையோ, சுழற்சி எங்கே தொடங்குகிறது என்பதைவிட, அதன் இரு பாதிகளும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதற்கே அதிக மதிப்பளிக்கிறது. உங்கள் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் இருக்க வேண்டும்.

சொன் என்னும் கியூப இசைவகையின் கிளாவேயில் ஒரு சுழற்சியை 16 மாத்திரைகளாகப் பிரித்தால், குச்சிகள் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் விழும். 'தகிட தகிட தகதிமி தக தகதிமி' என்று சொல்லி, ஒவ்வொரு சொற்கட்டின் முதல் எழுத்திலும் கைதட்டினால் அது உடனே பிடிபடும். ரும்பா என்னும் மற்றொரு கியூப இசைவகையின் கிளாவேயில் மூன்றாவது அடி மட்டும் ஒரு மாத்திரை தள்ளி 8-இல் விழுவதால், சொற்கட்டு 'தகிட தகதிமி தகிட தக தகதிமி' என்றாகும். முதல் எட்டு மாத்திரைகளில் மூன்று அடிகள், அடுத்த எட்டில் இரண்டு அடிகள். பாடல் எந்தப் பாதியிலிருந்து தொடங்குகிறதோ, அதைக் கொண்டே 3-2 என்றும் 2-3 என்றும் குறிப்பிடுகிறார்கள்.

மூன்றடிப் பாதி இழுவிசை நிறைந்தது. அதன் இரண்டாம், மூன்றாம் அடிகள் எதிர்பார்த்த தட்டுக்குச் சற்று விலகியோ முந்தியோ வந்து இசையை முன்னே தள்ளுகின்றன. இரண்டடிப் பாதி அந்த இழுவிசையைத் தளர்த்துகிறது. ஆகவே குச்சி கேட்காதபோது மெட்டைக் கேளுங்கள். பாட்டின் அசைகள் தட்டோடு நேராக அமரும் பாதி பெரும்பாலும் இரண்டடிப் பாதியாகவும், தட்டுகளுக்கு இடையில் எடுக்கும் பாதி மூன்றடிப் பாதியாகவும் இருக்கும். பியானோவின் மோந்தூனோ (திரும்பத் திரும்ப வாசிக்கப்படும் தொடர்) இன்னும் தெளிவான சாட்சி: வழக்கமான 2-3 அமைப்பில் அது இரண்டடிப் பாதியின் முதல் தட்டில் உறுதியாகத் தொடங்கி, பிறகு தட்டுகளுக்கு இடையிலேயே நகரும். பேஸ் கிட்டாரை மட்டும் திசைகாட்டியாகக் கொள்ள வேண்டாம். அதன் அடிப்படை வாசிப்பு இரு பாதிகளிலும் ஒரேபோல் 4, 7 ஆகிய மாத்திரைகளில் விழுந்து, சமத்தை வெறுமையாக விட்டுவிடுகிறது. சமத்தில் அழுத்தம் தேடிப் பழகிய காதுக்குத் தடுமாற்றம் தருவது இதுவே.

உங்கள் வாத்தியத்தைப் பொறுத்தவரை, ஒரு பாதிக்குள் முடிந்துவிடும் எளிய காங்கா நடை எந்தத் திசைக்கும் பொருந்தும். இரு பாதிகளிலும் நீளும் நடைக்கு மாறும்போதுதான் மோதல் உண்டாகிறது. அதில் தாழ்ந்த சுருதியுள்ள காங்காவான டும்பாவின் அடி, மூன்றடிப் பாதியின் நான்காம் மாத்திரையில், அதாவது கிளாவேயின் இரண்டாம் அடியோடு, சேர்ந்து விழ வேண்டும். அதை இரண்டடிப் பாதியில் வைத்தால், கணக்கு சரியாக இருந்தும் குழு முழுவதும் நிலைகுலையும். முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள்.

பயிற்சிக்குச் சால்சா ஒலிப்பதிவுகளிலிருந்து தொடங்குவது கடினமான வழி என்பது என் கருத்து. கிழக்குக் கியூபாவில் உருவாகி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவானாவை அடைந்த சொன் இசையில், பாடகரே பெரும்பாலும் கிளாவே குச்சிகளைத் தட்டியபடி பாடுவார். 1940-களில் ஆர்செனியோ ரொட்ரீகஸ் பியானோ, காங்கா, கூடுதல் ட்ரம்பெட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்துக் குழுவை விரிவாக்கினார். பின்னர் நியூயார்க்கில் சால்சா வளர்ந்தபோது, குச்சிகள் ஒலிக்காமலேயே மற்ற வாத்தியங்கள் கிளாவேயைத் தமக்குள் தாங்கிக்கொள்வது இயல்பாயிற்று. எனவே, 1927-இல் இக்னாசியோ பினேய்ரோ நிறுவிய செப்டெட்டோ நாசியோனால் குழுவின் பதிவுகளில் தொடங்குங்கள். ரும்பா கிளாவேக்கு, 1952-இல் உருவான லோஸ் முன்யேகீத்தோஸ் தெ மத்தான்சாஸ் குழுவைவிடச் சிறந்த ஆசான் கிடைப்பது அரிது. இரண்டிலும் வாயால் பாடிக்கொண்டே கையால் கிளாவே தட்டுங்கள். வாத்தியத்தைத் தொடுவது பிறகு ஆகட்டும்.

ஒரு எச்சரிக்கை: பிரேசிலின் சம்பா, பொஸ்ஸா நோவா ஆகியவற்றிலும் இதே விதியைத் தேடாதீர்கள். ஆப்பிரிக்க வேர்களில் உறவு இருந்தாலும், அவற்றின் இசைக்கலைஞர்கள் கியூபர்களைப்போல் கிளாவேயை ஆளும் சட்டமாகக் கொண்டு வாசிப்பதில்லை.

இறுதியாக, பாடலின் நடுவே திசை மாறியதுபோல் தோன்றினால் உங்கள் கையை மாற்றாதீர்கள். ஒரு பகுதி ஒற்றைப்படை எண்ணிக்கையிலான பாதிகளில் முடிந்தால், அடுத்த பகுதி கிளாவேயின் மறுபாதியில் தொடங்கும். மெட்டுத்தான் இடம்பெயர்கிறது, கிளாவே ஓரடியையும் விடாமல், கூட்டாமல் தொடர்கிறது. அந்த இடத்தில் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் நடையை அப்படியே தொடர்ந்தால் போதும்.