முன்பள்ளிப் பிள்ளைகளை ஒன்றுசேர்ப்பது எப்படி? ரீச்சரிடம் கேளுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பெற்றோரும் ஆசிரியைகளும் அனுப்பிய கேள்விகளுக்கு, நெடுங்காலம் முன்பள்ளி நடத்திய ரீச்சர் ஒருவர் பதில் சொல்கிறார்.

மகனுக்கு மூன்றரை வயது. மற்றப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்தாலும் தனியாகத்தான் விளையாடுகிறானாம். ஏதும் குறையோ? (அம்மா, மல்லாவி)

இந்த வயதில் அது வழமைதான் தங்கச்சி. இரண்டு பிள்ளைகள் அருகருகே குந்தியிருந்து ஆளுக்கொரு பேணியில் மண் நிரப்புவார்கள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், ஓரக்கண்ணால் மட்டும் பார்ப்பார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இலேயே இதை எழுதிவைத்தார்: முதலில் தனி விளையாட்டு, பிறகு அருகருகே, பிறகு கொடுத்து வாங்கி, கடைசியில்தான் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து. பேச்சும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் சரியென்றால் அவசரப்படுத்தாதீர்கள். அதில் சந்தேகம் இருந்தால் உங்கள் மிட்வைஃபிடம் ஒருமுறை கதையுங்கள்.

குழுவாகப் பிரித்தால் ஒரு பிள்ளை எல்லாவற்றையும் பிடுங்குகிறது, மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என்ன செய்யலாம்? (ஆசிரியை, புதுக்குடியிருப்பு)

4 பேருக்கு ஒரு படத்தைக் கொடுத்து ‘சேர்ந்து நிறம் தீட்டுங்கள்’ என்றால் அப்படித்தான் நடக்கும். தனியாகச் செய்யக்கூடியதை ஏன் பங்கு போடவேண்டும் என்று பிள்ளை நினைக்கிறது. அது நியாயமும்தானே! ஒருவரால் முடியாத வேலையாகப் பார்த்துக் கொடுங்கள். பெரிய பாயைச் சுருட்ட இருவர் வேண்டும். வாளிப் பிடிக்குள் தடியைச் செருகி ஆளுக்கொரு முனை பிடித்தால்தான் பூக்கன்றுக்குத் தண்ணீர் போகும். அரைவாளிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

எனக்குப் பிடித்தது சாறி விளையாட்டு. பழைய சாறியை மடித்து விரித்து, 8 பேரைச் சுற்றிவர நிறுத்தி, நடுவில் ஒரு பந்தைப் போடுங்கள். 10 எண்ணும்வரை பந்து விழக்கூடாது. ஒருவன் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்தால் பந்து உருண்டு போய்விடும். நீங்கள் ஏசத் தேவையில்லை, பந்தே சொல்லிக்கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் ‘மெதுவாடா, மெதுவா’ என்று அவர்களே கத்தத் தொடங்குவார்கள். தறப்பாளிலும் செய்யலாம்தான், ஆனால் அது சின்னக் கைகளுக்குப் பாரம். தறப்பாளைக் கண்டால் இடம்பெயர்ந்த நாட்கள் நினைவுக்கு வந்து முகம் மாறுகிற அம்மம்மாமாரும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

பிடுங்குகிற பிள்ளைக்குப் பங்கிடுகிற வேலையைக் கொடுங்கள். கிறேயோன் பெட்டியோடு எல்லோரிடமும் போகட்டும், தனக்குக் கடைசியில் எடுக்கட்டும்.

நன்றாகச் செய்தால் ரொபியும் ஸ்டாரும் கொடுக்கலாமா? (ஆசிரியை, ஒட்டுசுட்டான்)

முன்கூட்டியே ‘செய்தால் தருவேன்’ என்று சொல்லாதீர்கள். 1973இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், படம் கீற விருப்பமான முன்பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்குச் சான்றிதழ் தருவதாகச் சொல்லிக் கீறவைத்தார்கள். பின்னர், பரிசில்லாமல் விளையாட விட்ட நேரத்தில், அவர்கள் மற்றவர்களைவிடப் பாதியளவு நேரம்தான் கீறினார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளின் ஆர்வம் குறையவில்லை.

‘வெரி குட்’ என்பதும் பிள்ளைக்கு ஒன்றும் சொல்வதில்லை. ‘நீ பாயின் மற்ற முனையைப் பிடித்ததால்தான் நேராகச் சுருண்டது’ என்று சொல்லிப் பாருங்கள்.

விளையாட்டு விழாவில் எல்லோருக்கும் பரிசு கொடுத்தால் போட்டிக்குணம் வளராதே? (அப்பா, மாங்குளம்)

அதெல்லாம் வளரவேண்டிய வயதில் வளரும் தம்பி. தேசிக்காய் ஓட்டம் இருக்கட்டும், விழுந்தாலும் எடுத்துவைத்து ஓடட்டும். சங்கீதக் கதிரையை மட்டும் மாற்றச் சொல்லி ரீச்சரிடம் கேளுங்கள். முதலில் வெளியேறுகிற பிள்ளைக்கு அழுதுகொண்டு பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. கதிரைகளை எடுங்கள், பிள்ளைகளை எடுக்காதீர்கள். மிஞ்சிய கதிரைகளில் எல்லோரும் மடியில் மடியாக ஏறி இருக்கும்போது வருகிற சிரிப்பு பந்தல்வரை கேட்கும்.

பிள்ளைகள் சேர்ந்து செய்த வேலையைக் காசில்லாமல் எப்படிக் கொண்டாடுவது? (ஆசிரியை, துணுக்காய்)

முற்றத்தில் கச்சான் போடுங்கள். நீங்கள் இருப்பது வன்னியில்! பிடுங்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை தண்ணீர் ஊற்றுவதும் புல் பிடுங்குவதும் சோடி சோடியாக. பிடுங்கிய அன்றே அவித்து, முதல் கை சமையல் அக்காவுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் கச்சானை விட்டுப் பயறு போடுங்கள்.

பிறந்தநாளுக்குச் சில பெற்றோர் பெரிய கேக் கொண்டுவருகிறார்கள். மற்றப் பிள்ளைகள் ஏங்குகிறார்கள். (ஆசிரியை, கிளிநொச்சி)

மாதத்துக்கு ஒரு நாள், அந்த மாதத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து வையுங்கள். கேக் வேண்டாம் என்று பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். நடுவருடத்தில் சொன்னால் யாராவது ஒருவருக்கு மனம் நோகும்.