ஒரு கட்டுரை எத்தனை துறைகளைத் தொடுகிறது? அறிவியல் வரைபடமும் துறையிடை ஆய்வும்: கேள்வி பதில்

வெளியான கட்டுரைகளின் தரவை வைத்து ஆய்வுலகை வரைபடமாக்குவது எப்படி, ஓர் ஆய்வு எந்த அளவுக்குத் துறைகளைத் தாண்டுகிறது என்று அளப்பது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். இதுவே என் அன்றாட வேலை என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஆய்வு மாணவி, மதுரை: மேடம், கட்டுரையில் வெவ்வேறு துறைப் பேராசிரியர்களின் பெயர் இருந்தாலே அது துறையிடை ஆய்வுதான் என்கிறார் என் கைடு. அது போதுமா?

போதாதும்மா. ஒரு மருத்துவரும் ஒரு புள்ளியியல் ஆசிரியரும் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று வையுங்கள். புள்ளியியல்காரர் ஒரு டி-டெஸ்ட் போட்டுக் கொடுத்ததோடு சரி. அந்தக் கட்டுரை முழுக்க மருத்துவக் கட்டுரைதான். மாறாக, ஒரே ஓர் இயற்பியலாளர் நரம்பியலை ஆழ்ந்து படித்துத் தனியாக எழுதிய கட்டுரை இரண்டு துறைகளையும் உண்மையிலேயே இணைத்திருக்கலாம். ஆசிரியர் பெயர்கள் கூட்டு முயற்சியைக் காட்டும், அறிவு கலந்ததா என்பதைக் காட்டாது.

அதனால்தான் நாங்கள் ரெஃபரன்ஸ் பட்டியலைப் பார்க்கிறோம். இந்தக் கட்டுரை எங்கெங்கிருந்து அறிவை எடுத்துக்கொண்டது என்பதற்கு அதைவிட நல்ல தடயம் கிடையாது. ஒவ்வொரு ரெஃபரன்ஸும் எந்த இதழில் வந்தது, அந்த இதழ் எந்தத் துறையில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து எண்ணுகிறோம். இது உள்ளே வந்த அறிவு. பின்னாளில் இந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்பது வெளியே போன அறிவு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையைச் சொன்ன லோரி குழுவின் 1951-ஆம் ஆண்டுக் கட்டுரை, உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டது. அது உயிர்வேதியியலுக்குள் பிறந்த கட்டுரை. ஆனால் உயிரறிவியலில் அது போகாத மூலை இல்லை. எடுத்தது குறுகலாக இருந்து, கொடுத்தது விரிவாக இருக்கலாம்.

கணிதம் கொஞ்சம் பயம்: ராவ்-ஸ்டெர்லிங் குறியீடு என்று எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது. சூத்திரத்தைப் பார்த்தாலே மூடி வைத்துவிடுகிறேன். எளிதாகச் சொல்ல முடியுமா?

முடியும், பயப்படாதீர்கள். ஒரு கட்டுரை எந்த அளவுக்குத் துறைகளைக் கலக்கிறது என்று அளக்க, மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கும் சூத்திரம் அது. எத்தனை துறைகள், அவை சமமாகப் பங்கு வகிக்கின்றனவா, அவற்றுக்குள் எவ்வளவு தூரம். மூன்றாவதுதான் இதன் உயிர்.

'அ' என்ற கட்டுரைக்கு 10 ரெஃபரன்ஸ். 5 உயிர்வேதியியல், 5 செல் உயிரியல். 'ஆ' கட்டுரைக்கும் 10. 5 செல் உயிரியல், 5 சமூகவியல். துறைகளை மட்டும் எண்ணினால் இரண்டும் ஒன்றே. இப்போது தூரத்தைச் சேருங்கள். உயிர்வேதியியலும் செல் உயிரியலும் நெருங்கியவை, அவற்றின் தூரம் 0.2 என்போம். செல் உயிரியலுக்கும் சமூகவியலுக்கும் 0.9. இரண்டு துறைகளின் பங்குகளையும் (10-இல் 5 என்றால் 0.5) பெருக்கி, அதைத் தூரத்தால் பெருக்குங்கள். ஒவ்வொரு ஜோடியும் இரு திசையிலும் வருவதால் இரண்டால் பெருக்குங்கள். 'அ'வுக்கு 2 × 0.5 × 0.5 × 0.2 = 0.10. 'ஆ'வுக்கு 2 × 0.5 × 0.5 × 0.9 = 0.45.

இன்னொன்றும் போட்டுப் பாருங்கள். 'இ' கட்டுரை நான்கு துறைகளிலிருந்து சமமாக எடுக்கிறது, ஆனால் நான்கும் ஒன்றுக்கொன்று 0.2 தூரத்தில் உள்ள அண்டைத் துறைகள். விடை 0.15. நான்கு துறைகளைத் தொட்டும், இரண்டே துறைகளைத் தொட்ட 'ஆ'வை அது நெருங்கவில்லை. அப்படித்தான் வர வேண்டும் என்று நானும் நினைக்கிறேன்.

அந்தத் தூரம் எங்கிருந்து வருகிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரும்பாலும் துறைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் விதத்தை வைத்து கொசைன் ஒற்றுமையை (இரண்டும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண்) கணக்கிட்டு, அதை 1-இலிருந்து கழிக்கிறார்கள். சிலர் ஒவ்வொரு ஜோடியையும் ஒரு முறைதான் எண்ணுவார்கள். அப்போது விடை பாதியாகிவிடும். வேறொருவரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

0.45 என்பது மனதில் நிற்கவில்லை என்றால் 1-ஐ (1 − 0.45)-ஆல் வகுங்கள். 1.82 வரும். 'முற்றிலும் வேறான இரண்டு துறைகளுக்குச் சற்றுக் குறைவு' என்று படித்துக்கொள்ளலாம். 'அ'வுக்கு 1.11, கிட்டத்தட்ட ஒரே துறை. ஸாங், ரூசோ, கிளென்ஸல் மூவரும் 2016-இல் முன்வைத்த வடிவம் இது. நான் இதைத்தான் விரும்பிப் பயன்படுத்துகிறேன்.

அதே பதிலின் கீழ்: அந்த ராவ் நம் சி. ஆர். ராவா?

அவரேதான். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய, 2023-இல் மறைந்த சி. ஆர். ராவ். 1982-இல் அவர் இதை எழுதியது உயிரினத் தொகைகளின் பன்மையைப் பற்றி. ஆண்டி ஸ்டெர்லிங் 2007-இல் அறிவியல், தொழில்நுட்பம், சமூகம் எல்லாவற்றுக்கும் பொதுவான பன்மை அளவையாக அதை விரித்தார். இஸ்மாயில் ரஃபோல்ஸ், ஆலன் போர்ட்டர் போன்றோர் கட்டுரைகளை அளக்க எடுத்துக்கொண்டார்கள். துறையிடைத் தன்மையை அளக்கும் கருவியே துறை விட்டுத் துறை வந்து சேர்ந்தது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

யாழ்ப்பாணத்திலிருந்து: வணக்கம் அக்கா. எங்கட பல்கலைக்கழகத்தில வெப் ஒஃப் சயன்ஸ் சந்தா இல்லை. தரவுக்கு என்ன செய்யலாம்?

வெப் ஆஃப் சயின்ஸ் என்பது கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் தொகுக்கும் கட்டணத் தரவுத்தளம். அதற்குப் பதில் ஓப்பன்அலெக்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தைப் பயன்படுத்துங்கள், தம்பி. மைக்ரோசாஃப்ட் அகாடெமிக் என்ற கட்டுரைத் தரவுத்தளம் 2021 இறுதியில் நிறுத்தப்பட்டபோது, அதன் இடத்தை நிரப்ப 2022 ஜனவரியில் வந்தது. தரவு இலவசம். மொத்தத் தரவையும் இறக்கிக்கொள்ளலாம். வரைபடம் போடும் மென்பொருளான விஓஎஸ்வியூவரின் புதிய பதிப்புகள் அதிலிருந்து நேரடியாகவே தரவை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் அதன் துறைப் பிரிப்பு வேறு மாதிரி. வெப் ஆஃப் சயின்ஸ் இதழைத்தான் வகைப்படுத்துகிறது, சுமார் 250 வகைகள். ஓப்பன்அலெக்ஸ் ஒவ்வொரு கட்டுரைக்கும் கணினி மாதிரி மூலம் தலைப்பு கொடுக்கிறது. ஏறத்தாழ 4,500 தலைப்புகள், 252 உட்துறைகள், 26 துறைகள் என்று அடுக்கடுக்காகப் போகும். 26-ஐ வைத்து அளந்தால் ஒரு விடை, 252-ஐ வைத்து அளந்தால் வேறு விடை. இரண்டையும் செய்து, தரவரிசை மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அதை மறைக்காமல் ஆய்வேட்டில் எழுதுங்கள்.

ரெஃபரன்ஸ் விடுபட்ட கட்டுரைகளும் அதில் நிறைய இருக்கும். பகுப்பாய்வுக்கு முன் 50 கட்டுரைகளைக் கையால் எடுத்து, பிடிஎஃப்பில் உள்ள ரெஃபரன்ஸ் எண்ணிக்கையையும் தரவில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாலை நேர வேலைதான்.

கல்லூரி நூலகர்: விஓஎஸ்வியூவரில் வண்ணப்படம் அழகாக வந்துவிடுகிறது. ஆனால் வலப்பக்கம் இருப்பதும் மேலே இருப்பதும் எதைக் குறிக்கின்றன?

எதையும் குறிப்பதில்லை. படத்தைத் திருப்பினாலும் கவிழ்த்தாலும் பொருள் மாறாது. இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் மட்டுமே பேசும். வட்டத்தின் பருமன் எண்ணிக்கையையோ இணைப்பு வலுவையோ காட்டும், எதை என்பது நீங்கள் தேர்ந்தெடுத்ததைப் பொறுத்தது. நிறம் என்பது மென்பொருள் பிரித்த குழு. எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்லும் ரெசல்யூஷன் எண்ணைக் கொஞ்சம் ஏற்றினால் ஐந்து நிறம் எட்டாகும். ஆகவே 'இத்துறையில் ஐந்து ஆய்வுப் பள்ளிகள் உள்ளன' என்று படத்தை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் சில கட்டுரைகளையாவது திறந்து படித்துவிட்டுப் பெயர் வையுங்கள்.

எந்த இணைப்பை வரைகிறீர்கள் என்பதும் முக்கியம். இரண்டு கட்டுரைகள் ஒரே ரெஃபரன்ஸ்களைப் பகிர்ந்தால் அது பிப்ளியோகிராஃபிக் கப்ளிங், 1963-இல் கெஸ்லர் சொன்னது. கட்டுரை வெளியான நாளிலேயே அந்த உறவு முடிவாகிவிடுகிறது. அதனால் இப்போது நடக்கும் ஆய்வைக் காட்ட அது ஏற்றது. இரண்டு பழைய கட்டுரைகளைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தே மேற்கோள் காட்டினால் அது கோ-சைட்டேஷன். 1973-இல் ஹென்றி ஸ்மால் அமெரிக்காவிலும் இரினா மர்ஷகோவா சோவியத் ஒன்றியத்திலும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டடைந்தது. ஒரு துறை எந்த அடித்தளத்தின் மேல் நிற்கிறது என்பதை அது காட்டும். கீவேர்டு வரைபடம் எளிது என்பதால் எல்லாரும் அதையே போடுகிறார்கள். தெசாரஸ் கோப்பு (எந்தச் சொல்லை எந்தச் சொல்லாக எண்ண வேண்டும் என்ற பட்டியல்) வைத்து ஒருமை பன்மையையும், சுருக்கப் பெயர் முழுப்பெயரையும் இணைக்காவிட்டால் அந்தப் படத்தை நம்ப முடியாது.

பெயர் வேண்டாம்: எங்கள் நிர்வாகம் ஒவ்வொரு துறைக்கும் துறையிடைக் குறியீட்டைக் கணக்கிட்டுத் தரவரிசை போடச் சொல்கிறது. செய்யலாமா?

செய்யாதீர்கள். உங்களால் மறுக்க முடியாத நிலை என்றால், கீழே சொல்வதையாவது அவர்களிடம் எழுத்தில் கொடுங்கள்.

முதலாவது, கணிதத் துறையின் எண் எப்போதும் குறைவாகத்தான் வரும். கணிதக் கட்டுரைகள் பெரும்பாலும் கணிதத்தையே மேற்கோள் காட்டுபவை. அது அத்துறையின் இயல்பு, குறை கிடையாது. சுற்றுச்சூழல் துறைக்கு எண் தானாகவே ஏறும். இரண்டையும் ஒரே பட்டியலில் வைப்பது கணித ஆசிரியர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டாவது, ஏற்கெனவே பல அளவைகள் இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. வாங், ஷ்னைடர் இருவரும் 2020-இல் அவற்றை ஒப்பிட்டு, கொள்கை முடிவுகளுக்கு இவற்றைப் பயன்படுத்துவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். எந்த அளவையைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்து முதலிடம் மாறினால், அந்தப் பட்டியலை வைத்து யாருடைய பதவி உயர்வையும் முடிவு செய்யக் கூடாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. எண்ணுக்குப் பரிசு என்று அறிவித்த மறுநாளே, தேவையில்லாத துறைகளிலிருந்து நாலு ரெஃபரன்ஸைச் சேர்க்கும் பழக்கம் தொடங்கும். மாணவர்களும் அதைத்தான் கற்றுக்கொள்வார்கள்.

குறியீட்டுக்குப் பதிலாக ஓவர்லே வரைபடம் போட்டுக் காட்டுங்கள். ரஃபோல்ஸ், போர்ட்டர், லேடெஸ்டார்ஃப் 2010-இல் விளக்கிய முறை. எல்லா அறிவியல் துறைகளையும் காட்டும் ஓர் அடிப்படை வரைபடத்தின் மேல் உங்கள் துறையின் கட்டுரைகள் எங்கெங்கே விழுகின்றன என்று புள்ளி வைப்பது. அதைப் பார்த்துத் துறைத் தலைவரும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசலாம். 'வேதியியல் ஏன் மண்ணியல் பக்கம் நீள்கிறது, அங்கே யாரோடு சேர்ந்து வேலை நடக்கிறது' போன்ற கேள்விகள் அதிலிருந்துதான் எழும்.

இதே ரஃபோல்ஸ் குழு 2012-இல் பிரிட்டனில் புத்தாக்க ஆய்வு நடத்தும் மூன்று மையங்களையும் மூன்று முன்னணி மேலாண்மைப் பள்ளிகளையும் ஒப்பிட்டது. துறைகளை அதிகம் கலந்தவை புத்தாக்க மையங்கள். மேலாண்மைப் பள்ளிகள் பயன்படுத்தும் இதழ் தரவரிசையால் அளந்தபோது, பின்னுக்குப் போனவையும் அவைதான். 'உயர்ந்த இதழ்' பட்டியல் ஒரே துறைக்குள் எழுதுபவர்களுக்கே சாதகம் என்று அந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. உங்கள் நிர்வாகம் ஒரு கையில் இதழ்ப் பட்டியலையும் மறு கையில் துறையிடைக் குறியீட்டையும் வைத்திருந்தால், இரண்டும் எதிரெதிராக இழுக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

இயற்பியல் ஆசிரியர்: அறிவியல் உண்மையிலேயே முன்பைவிட அதிகமாகக் கலக்கிறதா, அல்லது பேச்சுதானா?

கலக்கிறது, ஆனால் பேசப்படும் அளவுக்கு இல்லை. போர்ட்டரும் ரஃபோல்ஸும் 1975 முதல் 2005 வரை ஆறு துறைகளைப் பார்த்தார்கள். ஒரு கட்டுரை மேற்கோள் காட்டும் துறைகளின் எண்ணிக்கை சுமார் 50% கூடியிருந்தது, ஆசிரியர் எண்ணிக்கை சுமார் 75%. தூரத்தையும் சேர்த்து அளந்தால் கூடியது 5% அளவில்தான். அண்டைத் துறைகளுக்குத்தான் அதிகம் போகிறோம்.

நிதி விண்ணப்பம் எழுதுபவர்: துறையிடை ஆய்வுக்கு நிதி எளிதாகக் கிடைக்கும் என்கிறார்களே?

ஆஸ்திரேலிய ஆராய்ச்சி மன்றத்தின் டிஸ்கவரி திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளில் வந்த 18,476 விண்ணப்பங்களை ஒரு குழு ஆராய்ந்தது. 2016-இல் நேச்சர் இதழில் வந்தது. துறைகள் விலக விலக நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது. மதிப்பீட்டுக் குழுவில் உங்கள் இரு துறைகளையும் அறிந்த ஒருவர் இருப்பாரா என்று முன்பே விசாரியுங்கள்.

தமிழ்த் துறை ஆய்வாளர்: கல்வெட்டு, தொல்லியல், மொழியியல் மூன்றையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். என் குறியீடு சுழியம் என்று வந்தது. மனம் நொந்துவிட்டது.

நோக வேண்டாம் ஐயா. நீங்கள் மேற்கோள் காட்டுபவை நூல்கள், கல்வெட்டுத் தொகுதிகள், தமிழ் இதழ்கள். வணிகத் தரவுத்தளங்களில் அவற்றில் பெரும்பாலானவை இல்லை. இருக்கும் ஒன்றிரண்டு ஆங்கிலக் கட்டுரைகளை மட்டும் எண்ணி, எல்லாம் ஒரே துறை என்று மென்பொருள் சொல்லியிருக்கிறது. அது உங்கள் ஆய்வின் அளவே அல்ல. உங்கள் துறைக்கு அளக்க வேண்டுமானால் ரெஃபரன்ஸ்களை நூலகரோடு உட்கார்ந்து கையால் வகைப்படுத்த வேண்டும். ஒரு ஆய்வேட்டுக்குச் செய்து முடிக்கக்கூடிய வேலைதான் அது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் நூலக நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையைக் கொடுத்தபோது, ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் அதன் பல முகங்களையும் குறிக்க வழி செய்தார். உங்கள் மாதிரி ஆய்வுக்கு அந்தப் பார்வையே பொருந்தும்.

தலைப்பெழுத்துப் பிரச்சினை: தரவில் என் பேராசிரியர் மூன்று பேராக இருக்கிறார்!

நம் பெயர்களுக்கே உரிய சிக்கல். முன்னால் உள்ள எழுத்து தந்தை பெயர், பின்னால் உள்ளது சொந்தப் பெயர். தரவுத்தளம் பின்னால் உள்ளதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. எஸ். குமார் என்று எழுதும் ஒரே ஆள் ஓரிடத்தில் குமார் எஸ்., தந்தை பெயரை விரித்து எழுதிய இடத்தில் வேறொருவர். எதிர்ப்பக்கம், எத்தனையோ எஸ். குமார்கள் ஒருவராகக் கலந்துவிடுவார்கள். வரைபடத்தில் அப்படிக் கலந்த பெயர் எல்லாத் துறைகளுக்கும் பாலம் போலத் தெரியும். நடுவில் பெரிதாக நிற்கும் பெயரை முதலில் சந்தேகப்படுங்கள். ஆர்கிட் எண் (ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தரப்படும் தனி அடையாள எண்), நிறுவனம், இணை ஆசிரியர்கள் மூன்றையும் வைத்துப் பிரித்தெடுங்கள். உங்கள் பேராசிரியரிடம் ஆர்கிட் எண் இல்லையென்றால், அவரோடு உட்கார்ந்து பதிவு செய்து, பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாக அதில் சேர்த்துவிடுங்கள்.