உரிமம் பெற்ற கடை வடிகாலில் கழிவுநீரை விட்டால் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மொத்தக் கோழிக்கடை நடக்கிறது. அறுத்துக் கழுவிய தண்ணீர் நேராகத் தெருவோர மழைநீர் வடிகாலுக்குப் போகிறது. நாற்றம் தாங்க முடியவில்லை. கேட்டால் உரிமத்தைக் காட்டுகிறார்கள். உரிமம் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். உரிமம் இருப்பது ஒரு வகையில் உங்களுக்கே அனுகூலம். எந்தெந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்தத் தொழிலை நடத்த அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பது நகராட்சிக் கோப்பில் எழுத்தில் இருக்கும். நான் நகராட்சி ஒன்றில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட கோப்புகளோடு நிறையப் பழகியிருக்கிறேன்.

அறுப்பிடம், தோல் பதனிடுதல் போன்றவற்றை உள்ளாட்சிச் சட்டங்கள் நெடுங்காலமாகவே அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழில்கள் என்று தனியே பிரித்து வைத்திருக்கின்றன. இவற்றுக்கான உரிமத்தை அலுவலகத்தில் 'டி அண்டு ஓ (டேஞ்சரஸ் அண்டு அஃபென்சிவ்) லைசென்ஸ்' என்போம். அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை வரும் என்று தெரிந்தேதான் நிபந்தனையோடும் காலவரையறையோடும் உரிமம் தரப்படுகிறது. நிபந்தனையை மீறினால் நிறுத்திவைக்கலாம், ரத்து செய்யலாம், புதுப்பிக்க மறுக்கலாம். சுவரில் மாட்டியிருக்கும் காகிதத்தைப் பார்த்ததும் திரும்பிவிட வேண்டாம்.

ஆனால் மனுவில் 'நாற்றம் அடிக்கிறது' என்று மட்டும் எழுதினால் என்ன நடக்கும் தெரியுமா? ஊழியர் பகல் பதினொரு மணிக்குக் கள ஆய்வுக்குப் போவார். காலை வியாபாரம் முடிந்து கடை கழுவப்பட்டிருக்கும். வாசலில் பிளீச்சிங் பவுடர் வெள்ளையாகத் தூவியிருக்கும். வெயிலில் தரை சூடாகி, காற்று மேலெழும்பி நாற்றத்தைக் கலைத்திருக்கும். 'ஆய்வின்போது துர்நாற்றம் ஏதும் உணரப்படவில்லை' என்று ஒரு வரி. கோப்பு முடிந்தது. நீங்கள் அவதிப்படுவதோ விடியற்காலையில். காற்று அசையாமல், குளிர்ந்து தரையோடு படிந்து கிடக்கும் நேரம் அது. மூக்கு உணர்ந்ததை அளந்து காட்டச் சாதாரண அலுவலகத்தில் கருவியும் கிடையாது.

அதனால் நாற்றத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடியுங்கள். தண்ணீர் தடயம் விட்டுப்போகும், மாதிரி எடுக்கலாம், குழாய் எங்கே போய் முடிகிறது என்று கையை நீட்டிக் காட்டலாம். அந்தக் குழாய் பாதாளச் சாக்கடைக்குப் போகிறதா, மழைநீர் வடிகாலுக்குப் போகிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரப்படி, சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லும் பொதுச் சாக்கடையில் விடும் கழிவுநீரின் பி.ஓ.டி., அதாவது உயிரிவேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு), லிட்டருக்கு 350 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆறு, ஏரி போன்ற நீர்நிலைக்குப் போவதானால் 30தான். மழைநீர் வடிகால் ஏரியிலோ ஆற்றிலோதான் போய்ச் சேரும். கோழி இரத்தத்தை அதில் விட எந்த உள்ளாட்சி உரிமமும் அனுமதி தர முடியாது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. ஆகவே மனுவின் ஒரு நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.

இரத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கலப்பில்லாத இரத்தத்தின் பி.ஓ.டி. லிட்டருக்குச் சுமார் ஒன்றரை லட்சம் மில்லிகிராம். ஒரு லிட்டர் இரத்தத்தை 30 என்ற அளவுக்கு நீர்க்கச் செய்ய ஐயாயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். வடிகாலில் தேங்கும்போது அதிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. பிறகு ஆக்சிஜன் தேவைப்படாத நுண்ணுயிர்கள் பெருகி ஹைட்ரஜன் சல்பைடை வெளியேற்றுகின்றன. அழுகிய முட்டை வாடை அதுதான். இரத்தத்தைத் தரையில் ஓடவிடாமல் டிரம்மில் பிடித்துத் தனியாக அப்புறப்படுத்தி, வடிகட்டியும் கொழுப்புத் தொட்டியும் வைத்தாலே தொல்லையில் பெரும்பங்கு குறையும். கடைக்காரருக்குப் பெரிய செலவில்லை. மூடச் சொல்லி எழுதும் மனு அவரது பிழைப்பைப் பறிக்கும் சண்டையாகிவிடும், அதிகாரிகளும் தயங்குவார்கள். இன்ன வேலையை இத்தனை நாளுக்குள் செய்ய உத்தரவிடுங்கள் என்று கேட்டால் மறுக்கக் காரணம் கிடைக்காது.

மனு போடுவதற்கு முன்பே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உரிம நகல், நிபந்தனைகள், கடைசி ஆய்வறிக்கை மூன்றையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். தண்ணீர் விடும் நேரத்தைத் தேதியோடு குறித்துக்கொண்டு படமும் எடுத்து வையுங்கள்.

அப்படியும் நகராட்சி அசையாவிட்டால் கோட்டாட்சியரிடம் போங்கள். பொதுத்தொல்லையை அகற்ற நிபந்தனை உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரவாசிகள் இந்த வழியில்தான் போனார்கள். திறந்த சாக்கடையும் ஆல்கஹால் ஆலைக் கழிவுநீரும் அவர்கள் தெருவைக் கெடுத்தன. பணமில்லை என்றது நகராட்சி. 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. நிதி நெருக்கடியைக் காட்டி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பெழுதினார். உங்கள் மனுவில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

இதுவரை சொன்னது நகராட்சிக்கு. கிராம ஊராட்சியிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: அங்கே தொழில் உரிமத்துக்கு 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 159ஆம் பிரிவைப் பாருங்கள். செயல் அலுவலர் ஊராட்சித் தலைவர்தான். மனுவை அவர் பெயருக்கு எழுதி, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு நகல் கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.