ஜாடிக்குள் ஒளிந்த அரசன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் நண்பரும் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்குத் திரைக்கதை எழுதுகிறோம். கிரேக்கத் தொன்மங்களில் வரும் மெடூசா, காளைத்தலை மினோட்டார், ஒற்றைக்கண் பாலிஃபீமஸ் மூவரும் இன்றைய ஏதன்ஸில் ஒரே வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். மெடூசாவின் பாம்புத்தலை, மினோட்டாரின் கொம்பு என்று நிறைய வேடிக்கை வசனங்கள் எழுதினோம். நாற்பது பக்கம் ஆகியும் சிரிப்பு வரவில்லை. தொன்மத்தைக் கொச்சைப்படுத்துகிறோம் என்று நண்பர் இப்போது பின்வாங்குகிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

நண்பரைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த அரக்கர்களை நகைச்சுவை மேடையில் ஏற்றியவர்கள் கிரேக்கர்களேதான், அதுவும் தெய்வத்துக்கு எடுத்த விழாவில். ஏதன்ஸில் மதுவின் கடவுள் டயோனிசஸுக்கு எடுத்த விழாவில் ஒரு நாடகாசிரியர் மூன்று துன்பியல் நாடகங்களை நடத்திய கையோடு, குதிரைவால் முளைத்த பாதி மனிதர்களான சாட்டிர்கள் ஆடிப்பாடும் ஒரு நாடகத்தையும் தருவார். அந்த வகையில் முழுதாக நமக்குக் கிடைத்திருப்பது ஒன்றுதான்: யூரிபிடிஸின் 'சைக்ளோப்ஸ்'. அதில் வருபவன் உங்கள் பாலிஃபீமஸ். எழுநூறு வரிகளுக்குச் சற்று மேல், ஒரே மாலையில் படித்துவிடலாம்.

அதில் எங்கே சிரிப்பு வருகிறது என்று கவனியுங்கள். ஒற்றைக் கண்ணைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அரக்கனின் குகையில் சிக்கிய கிரேக்க வீரன் ஒடிசியஸ் அவன் கண்ணைக் குத்தத் திட்டமிட, அவனுக்குத் துணை நிற்பதாக சாட்டிர்கள் வீரம் பேசுகிறார்கள். கொள்ளிக்கட்டை தயாரானதும் ஒருவர், வாசலிலிருந்து வெகு தொலைவில் நிற்கிறோமே என்கிறார். இன்னொருவருக்குத் திடீரென்று கால் நொண்டுகிறது. நின்ற இடத்திலேயே கால் சுளுக்கிக்கொண்டது என்கிறார் மற்றொருவர். நின்றபடியே சுளுக்கா என்று ஒடிசியஸ் கேட்கும் இடத்தில் எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கி.மு. 405இல் முதல் பரிசு பெற்ற அரிஸ்டோஃபனீஸின் 'தவளைகள்' நாடகத்திலும் இதே கதைதான். பாதாளத்துக்குப் போகும் வழியில் டயோனிசஸின் அடிமை சாந்தியாஸ், எம்பூசா என்ற பேயைக் கண்டதாகச் சொல்கிறான். பசுவாகிறது, கோவேறு கழுதையாகிறது, அழகியாகிறது, நாயாகிறது, ஒரு கால் வெண்கலம், மறு கால் சாணம் என்று அடுக்குகிறான். கேட்ட டயோனிசஸ், ஒரு கடவுள், பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் தன் பூசாரியிடமே காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறார்.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தண்ணீர்ப் பானை ஒன்று இருக்கிறது. அதன் மேல் தீட்டிய ஓவியத்தில் மாவீரன் ஹெராக்கிளிஸ், பாதாளத்தின் மூன்று தலைக் காவல் நாய் செர்பெரஸைப் பிடித்து இழுத்து வருகிறான். கொண்டுவரும்படி கட்டளையிட்ட அரசன் யூரிஸ்தியஸ் பெரிய மண்ஜாடிக்குள் புகுந்து கைகளை உயர்த்தி அலறுகிறான்.

உங்கள் நாற்பது பக்கமும் ஏன் சிரிக்க வைக்கவில்லை என்பதற்கு அந்தப் பானையே காரணம் சொல்லும். நாய் நாயாக நிற்கிறது, கேலிக்கு ஆளாகிறவன் அரசன். நீங்கள் கொம்பையும் பாம்பையும் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறீர்கள். உடம்பைக் காட்டிச் சிரிப்பது இரண்டாம் காட்சியிலேயே அலுத்துவிடும்.

மெடூசா விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் அவள் அழகிய கூந்தல் கொண்ட பெண். ஆலயத்துக்குள் கடல் தெய்வம் அவளைக் கெடுத்தது, தண்டனையோ அவளுக்கு. அந்தப் பாம்புகள் அந்தத் தண்டனைதான். தலையைப் பற்றிய வசனங்களை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

மினோட்டார் என்றால் கிரீட் தீவின் அரசன் மினோஸின் காளை. அது ஊரார் அழைக்கும் பெயர். அவனுக்கு ஆஸ்டிரியஸ் என்று சொந்தப் பெயர் உண்டு, விண்மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வீட்டுக்குள் மற்ற இருவரும் அவனை அப்படி அழைக்கட்டும்.

'ஒடிசி' காவியம் பாடிய ஹோமரிடமிருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குருடாக்கப்பட்ட பாலிஃபீமஸ், குகையை விட்டு மந்தையின் கடைசியாக வெளியேறும் தன் கடாவைத் தடவி, எப்போதும் முதலில் போவாயே, உன் எஜமானனின் கண்ணுக்காக வருந்துகிறாயா என்று கேட்கிறான். அதன் வயிற்றுக்கடியில் தொங்கிக்கொண்டிருப்பவன் ஒடிசியஸ். சிரிப்பும் துக்கமும் ஒரே ஆட்டின் மேல் ஏறி வருகின்றன. உங்கள் தொடரில் ஒரு காட்சியாவது அவ்வாறு அமைய வேண்டும் என்பது என் ஆசை.

முதல் அத்தியாயத்தை வாடகை கேட்க மாடிப்படி ஏறிவரும் வீட்டுக்காரரிடமிருந்து தொடங்குங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.