மதுரைப் பேச்சைக் கதையில் எவ்வளவு எழுதலாம்?

கேள்வி: திருமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். சில வருடங்களாகச் சிறுகதை எழுதி வருகிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை வைத்து எழுதிய கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். 'உரையாடல் ஒட்டவில்லை' என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிட்டார்கள். பேச்சையெல்லாம் மதுரை வழக்குக்கு மாற்றினேன். சென்னையில் இருக்கும் தோழி 'படிக்கவே முடியலடி' என்கிறாள். வட்டார வழக்கு எந்த அளவுக்கு இருக்கலாம்? கதை சொல்கிற பகுதியும் பேச்சு நடையில் இருக்க வேண்டுமா? இரண்டு பிரதிகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: திருப்பி அனுப்பும்போது ஒரு வரி எழுதியிருக்கிறார்கள் என்றால் கதையைக் கடைசிவரை படித்திருக்கிறார்கள். அதை முதலில் மனதில் வையுங்கள். பெரும்பாலான கதைகளுக்கு அந்த ஒரு வரிகூட வராது.

முதல் பிரதியில் பாண்டியம்மாள் கமிஷன் கடைக்காரரிடம் பேசும் இடத்தை எடுத்துக்கொள்வோம்.

"அண்ணே, போன மாதம் நான் போட்ட பூவுக்கு நீங்கள் தர வேண்டிய நாலாயிரம் ரூபாயை இன்று தந்தால்தான் என் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியும்" என்றாள் பாண்டியம்மாள் கெஞ்சலாக.

"வியாபாரமே சரியில்லை. பூ விலை இறங்கிவிட்டது. அடுத்த வாரம் வா" என்றார் கடைக்காரர் எரிச்சலாக.

இரண்டாம் பிரதியில் அதே வாக்கியம் இப்படி ஆகியிருக்கிறது: "அண்ணேய், போன மாசம் நா போட்ட பூவுக்கு நீங்க தரவேண்டிய நாலாயிரம் ரூவாய இன்னிக்கித் தந்தாத்தேன் எம்மவனுக்குக் காலேசு பீசக் கட்ட முடியும்ணே."

வரி அப்படியே இருக்கிறது, எழுத்துதான் மாறியிருக்கிறது. எப்போது போட்ட பூ, எவ்வளவு பணம், எதற்குத் தேவை என்று கடைக்காரருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பாண்டியம்மாள் அவரிடமே ஒப்பிக்கிறாள். வாசகருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் விவரம் சொன்னால், அதை எந்த ஊர் வழக்கில் எழுதினாலும் ஒட்டாது. பத்திரிகை ஆசிரியர் சொன்னது இதைத்தான். வழக்கில் இல்லையே என்று அவர் குறைப்பட்டிருக்க மாட்டார்.

நம் பக்கத்தில் வர வேண்டிய பணத்தைக் கேட்கப் போகிறவர் எடுத்த எடுப்பில் பணத்தைப் பற்றிப் பேசுவாரா? யாவாரம் எப்படி, வீட்டில் எல்லாரும் சுகமா என்று ஆரம்பிப்பார். கொடுக்க வேண்டியவருக்கும் வந்த விஷயம் தெரியும். தெரிந்துகொண்டே டீ சாப்பிடச் சொல்வார். பணம் என்ற சொல் கடைசிவரை வராமலே வந்தவர் திரும்பிப் போவதும் உண்டு. மதுரைப் பேச்சு இருப்பது அந்தச் சுற்றிவளைப்பில்தான். 'ரூவா'யிலும் 'பீசு'லும் தேடினால் கிடைக்காது.

உங்கள் கதையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. தராசுத் தட்டில் ஒட்டியிருந்த ஒற்றை மொட்டைக் கடைக்காரர் விரலால் சுண்டி எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொள்கிறார். நல்ல கண் உங்களுக்கு. ஆனால் அந்த வரி பாண்டியம்மாள் போன பிறகு, யாருக்கும் பயன்படாத இடத்தில் கிடக்கிறது. அதைப் பேச்சுக்கு நடுவில் கொண்டுவந்து பார்த்தேன்:

"யாவாரம் எப்படிண்ணே?"

"எங்கிட்டு. மல்லிய கேக்க ஆளில்ல."

பாண்டியம்மாள் கூடையை இறக்காமல் நின்றாள். "சின்னவனுக்குத் திங்கக்கிழமதான் கடைசி நாளாம்."

தராசுத் தட்டில் ஒரு மொட்டு ஒட்டியிருந்தது. அதைச் சுண்டி எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டார். "டீ சொல்லவா தாயி?"

"வேணாண்ணே. இன்னொரு கடைக்கும் பூ போடணும்."

இதுதான் சரி என்று சொல்ல வரவில்லை. உங்கள் பாண்டியம்மாள் இன்னும் வாய்த்துடுக்கானவளாக இருக்கலாம். ஆனால் 'கெஞ்சலாக', 'எரிச்சலாக' இரண்டுக்கும் இங்கே வேலை இல்லாமல் போனதைப் பாருங்கள். 'தாயி' என்று கூப்பிட்டே கதவைச் சாத்துகிறார் அவர். கடைசி வரியில் அவள் ரோசம் தெரிகிறது. நாலாயிரம் என்ற கணக்கை முன்பே, அவள் பஸ்ஸில் வரும்போது, கதை சொல்கிற பகுதியில் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

இனி எழுத்து விஷயம். வாசகர் தானாகவே அப்படி உச்சரித்துப் படிக்கும் சொல்லை நீங்கள் வேறு ஒடித்து எழுத வேண்டியதில்லை. 'வாரம்', 'மாதம்', 'பணம்' இவற்றையெல்லாம் ஒழுங்காகவே எழுதுங்கள். 'அங்கிட்டு', 'எங்கிட்டு', 'இறங்கிருச்சு', 'வெள்ளன', 'மேலுக்கு முடியல' போல நம் பக்கத்துச் சொல்லும் சொற்றொடரும் வாக்கியத்துக்கு ஒன்று வந்தால் தாராளம். தோழியிடம் பிரதியைக் கொடுத்துப் புரியாத இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். 'வெஞ்சனம்' (தொட்டுக்கொள்ளும் கறி) மாதிரியான சொல்லில் கோடு விழுந்தால் மாற்றாதீர்கள், பக்கத்து வாக்கியத்தில் சோறும் குழம்பும் இருந்தால் அவருக்கே விளங்கிவிடும். 'நா', 'எம்மவனுக்கு', 'தந்தாத்தேன்' மேல் கோடு விழுந்தால் யோசிக்காமல் சரிசெய்யுங்கள்.

இரண்டு இடத்தில் வழக்கே தவறியிருக்கிறது. கடைப் பையனைக் கடைக்காரர் 'ஏலே' என்கிறார். அது தாமிரபரணிக் கரைப் பேச்சு. சினிமா பார்த்து எழுதினால் இப்படி நேரும், அங்கே தெற்கத்திப் பேச்சு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள். இன்னொன்று, ஊர்ப் பெரியவரைப் பற்றிச் சொல்லும்போது பாண்டியம்மாள் 'வந்தாய்ங்க' என்கிறாள். 'வந்தான்கள்' என்பதுதான் நம் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. பயல்களுக்குச் சொல்லலாம். பெரியவரைச் சொன்னால் அவள் அவரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்றாகும். உங்கள் கதையில் அவள் அவர் காலில் விழுகிறாள்.

மதுரைப் பேச்சு என்று ஒன்றே ஒன்று இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கம் தாத்தாவைச் 'சீயான்' என்பவர்கள் உண்டு. நகருக்குள் இருக்கும் சௌராஷ்டிரக் குடும்பங்கள் வீட்டில் ஒரு மொழியும் கடையில் தமிழும் பேசுபவை. காலேஜ் படிக்கும் சின்னவன் அம்மாவைப் போலப் பேச மாட்டான், அவன் வாயில் பாதி ஆங்கிலம் இருக்கும். பிரதியில் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு பேச்சை மட்டும் படியுங்கள். யார் பேசுகிறார்கள் என்று தெரிகிறதா? இப்போதைக்கு உங்கள் கதையில் ஐந்து பேரும் ஒரே ஆளாகப் பேசுகிறார்கள்.

காது பழக, பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் போகிற டவுன் பஸ்ஸே போதும். ஆனால் போனில் பதிவு செய்யாதீர்கள். அடுத்தவர் பேச்சைத் திருட்டுத்தனமாகப் பதிவது முறையில்லை என்பது ஒரு பக்கம். அப்படிப் பதிந்ததை எழுதினால் 'ம்', 'அப்புறம்', 'அதான்' என்று பக்கம் நிரம்புமே தவிர உரையாடல் ஆகாது. வீட்டுக்கு வந்து, நினைவில் நின்ற இரண்டு வரியை எழுதி வையுங்கள். நிற்காதது போகட்டும். உங்கள் தையல் கடைக்கு வருகிறவர்கள் ரவிக்கை அளவு கொடுக்கும்போது என்னென்ன பேசுகிறார்கள் என்பது இதைவிடப் பெரிய சொத்து. அதை நீங்கள் ஏன் இன்னும் எழுதவில்லை என்று தெரியவில்லை.

கதை சொல்கிற பகுதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாண்டியம்மாளே 'நான்' என்று சொல்லும் கதையானால் முழுக்கப் பேச்சு நடையில் போகலாம், ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அந்தக் குரல் பிசகக் கூடாது. படர்க்கையில் சொல்வதானால் இலக்கணம் பொதுத்தமிழில் இருக்கட்டும், சொற்கள் ஊர்ச் சொற்களாக இருக்கட்டும். 'வெள்ளன எழுந்து, மொட்டு விரியுமுன் பறித்துக்கொண்டு வந்த சடவு அவள் முகத்தில் இருந்தது' என்று எழுதினால் சென்னைத் தோழிக்கும் புரியும், உசிலம்பட்டிக்காரருக்கும் அந்நியமாக இராது. இந்தப் பிரிப்பு புதிதும் அல்ல. வத்தலக்குண்டில் பிறந்த ராஜம் ஐயர் 1893-ல் தொடராக எழுதத் தொடங்கிய 'கமலாம்பாள் சரித்திர'த்திலேயே பாத்திரங்கள் வீட்டுப் பேச்சுப் பேசுகிறார்கள். கி. ராஜநாராயணன் 1982-ல் கொண்டுவந்த வட்டார வழக்குச் சொல்லகராதியையும் புரட்டிப் பாருங்கள். அது கரிசல் காட்டுச் சொற்கள், அப்படியே எடுத்து மாட்டுத்தாவணியில் நட முடியாது. நம் வீட்டில் அப்பத்தா சொன்ன எந்தச் சொல்லையெல்லாம் மறந்துவிட்டோம் என்பது அதைப் படிக்கையில் தானாக ஞாபகம் வரும்.

நீங்கள் கேட்காத ஒன்று. கதை மார்கழிப் பனியில் தொடங்குகிறது. அதில் கடைக்காரர் பூ விலை இறங்கிவிட்டது என்கிறார். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும் என்று மதுரையில் பூ வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். அவர் சாக்குச் சொல்கிறார் என்றால் பாண்டியம்மாளுக்கு அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும், அது வேறு கதை, ஒருவேளை இன்னும் நல்ல கதை. இல்லையென்றால் ஆடிக்கு மாற்றுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், கோயில் திருவிழா நாளைத் தவிர்த்தால் விலை படுத்துக் கிடக்கும். காலேஜ் கட்டணம் கட்டுகிற சமயமும் அதுதான்.

திருத்திய பிரதியை இரண்டு வாரம் பெட்டியில் போட்டு வைத்துவிட்டு, ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அதே பத்திரிகைக்கே அனுப்பலாம். 'நீங்கள் சொன்னபடி உரையாடலைத் திருத்தியிருக்கிறேன்' என்று ஒரு வரி எழுதினால் போதும், விளக்கம் வேண்டாம். தலைப்பையும் மாற்றிவிடுங்கள். 'பூவின் கண்ணீர்' வேண்டவே வேண்டாம்.