தும்புத்தடியை வெளியே வையுங்கள்

வணக்கம் அண்ணன்,

வெளிநாட்டில் கிளீன் ரூம் (காற்றில் தூசி மிகக் குறைவாக இருக்கும்படி கட்டுகிற அறை) வேலை செய்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். நான் அம்பாறை மாவட்டத்தில், வயலோரமாக இருக்கும் ஒரு கட்டடத்தில் சைட் சுப்பர்வைசர். இதுவரை வீடு, கடை, பாடசாலைக் கட்டடம் என்றுதான் வேலை செய்திருக்கிறேன். இப்போது மேல்மாடியில் ஒரு ஆய்வுகூடத்துக்குச் சின்னதாக ஒரு கிளீன் ரூம் கட்டுகிறோம். காற்றின் சுத்தத்துக்கான சர்வதேசத் தரப்படி ஐ.எஸ்.ஓ. 7ஆம் வகுப்பு. உள்ளே அறுக்கக்கூடாது, தும்புத்தடியால் கூட்டக்கூடாது, டக்டின் (காற்று போகும் தகரக் குழாயின்) வாயை மூடி வைக்க வேண்டும், தினமும் துடைக்க வேண்டும் என்று கன்சல்டன்ட் தந்த தாளில் இரண்டு பக்கத்துக்கு இருக்கிறது. எங்கள் மூத்த மேசன் பாஸ் கேட்கிறார்: "மனே, கடைசியில கழுவித்தானே குடுக்கப்போறம், இப்ப என்னத்துக்கு இந்தப் பாடு?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று, அவர் தினமும் திருநீறு பூசி வருபவர். முகத்தில் பொடி எதுவும் இருக்கக்கூடாது என்று தாளில் போட்டிருக்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

வாசகர் ஒருவர், அம்பாறை மாவட்டம்

அன்புள்ள தம்பி,

பாஸ் கேட்டது நியாயமான கேள்வி. வீட்டு வேலையில் அவர் சொல்வதுதான் முறை. பூசி முடித்து, பெயின்ட் அடித்து, கடைசி இரண்டு நாள் கழுவித் துடைத்துச் சாவியைக் கொடுப்போம். கழுவுகிற கை போகாத இடத்தில் கிடக்கும் தூசியால் வீட்டுக்காரருக்கு ஒரு பாதகமும் இல்லை. கிளீன் ரூமில் அந்த இடங்கள்தான் எல்லாமே. டக்டின் உட்புறம், ஃபோல்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும் கொங்கிரீட், இரண்டு பேனலுக்கு நடுவே உள்ள இடுக்கு. இவற்றை ஒருமுறை மூடினால் பிறகு எந்தத் துணியும் அங்கே போகாது, காற்று மட்டும் போகும். இரவும் பகலும் போகும். போகிற காற்று அங்கே கிடப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டே இருக்கும்.

இதை நான் என் கையாலேயே செய்து பார்த்துத்தான் கற்றேன். சிங்கப்பூரில் எனக்கு அது இரண்டாவது வருடம், டக்ட் பூட்டுகிற குழுவில் இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கும்போது ஒரு முழங்கை வளைவின் வாய்க்கு பொலித்தீன் கட்டாமல் போய்விட்டேன். ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் வேறொரு குழு ஜிப்சம் பலகை அறுத்திருக்கிறது. வந்து பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, பூட்டிவிட்டேன். வேலை முடிந்து துகள் எண்ணும் நாளில், காற்றாடியைப் போட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு மூலையில் மட்டும் எண்ணிக்கை ஏறியது. பிறகு இறங்கியது. மறுநாள் காலையும் அப்படியே. நாலாம் நாள் ஃபில்டரைக் கழற்றி, டக்டைக் கழற்றி, அந்த வளைவுக்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தோம். துணியில் மாவு போல ஒட்டி வந்தது. ஆறு பேருடைய ஒரு கிழமை வேலை அதோடு போயிற்று. கட்டியிருக்க வேண்டியது ஒரு முழப் பொலித்தீன், ஒரு சுற்று டேப்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றேன் அல்லவா, அதைப் பாஸுக்கு விளக்குங்கள். நல்ல வெளிச்சத்தில் நம் கண் பிரித்துப் பார்க்கக்கூடியது சுமார் 50 மைக்ரோன் வரைதான் (ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோன்). தலைமயிரின் தடிப்பு 70 மைக்ரோன் அளவு. கிளீன் ரூமில் எண்ணுவது அரை மைக்ரோன் துகளை. 7ஆம் வகுப்பு என்றால் ஒரு கன மீற்றர் காற்றில் அரை மைக்ரோனும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 352,000ஐத் தாண்டக்கூடாது. பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அட்டவணையின் கடைசியான 9ஆம் வகுப்பில் அந்த எல்லை 35,200,000, அதாவது இதைப்போல் நூறு மடங்கு.

தும்புத்தடி ஏன் கூடாது என்பதும் இதற்குள்தான் இருக்கிறது. கூட்டும்போது பெரிய குப்பை ஒரு பக்கம் சேரும், நுண்ணிய தூசி மேலே எழும். பத்து மைக்ரோன் துகள் எட்டடி உயரத்திலிருந்து அசையாத காற்றில் கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். ஒரு மைக்ரோன் துகள் இறங்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். பின்னேரம் கூட்டிவிட்டுப் போனால் மறுநாள் காலை வேலைக்கு வரும்போதும் அது உங்கள் தலைக்கு மேலேதான் நிற்கும். சாதாரண வேக்யூம் கிளீனரும் அப்படித்தான், முன்னால் இழுத்து, நுண்ணியதைப் பின்னால் ஊதிவிடும். வெளியேறும் பக்கத்தில் ஹெப்பா ஃபில்டர், அதாவது நுண்ணிய துகளையும் பிடிக்கும் வடிகட்டி, உள்ள வேக்யூம் வேண்டும். அதற்குச் சல்லி தர முதலாளி யோசித்தால், இந்தப் பந்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நம் ஆட்களுக்கு இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை தம்பி. வெள்ளாமை வெட்டிப் பொலி தூற்றியவர்களுக்குக் காற்றில் எது முன்னால் விழும், எது பறந்துபோகும் என்று கை அளவில் தெரியும். கிளீன் ரூமுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்த வில்லிஸ் விட்ஃபீல்ட் என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளரும் ஒரு பருத்தி விவசாயியின் மகன்தான். 1960களின் தொடக்கத்தில் சாண்டியா ஆய்வகத்தில், வடிகட்டிய காற்றை அறை முழுக்க ஒரே சீராக ஒரு திசையில் ஓடவிட்டு, எழுகிற தூசியை எழுந்த இடத்திலேயே அள்ளிக்கொண்டு போகச் செய்தார். உங்கள் 7ஆம் வகுப்பு அறையில் காற்று அப்படி ஒரே சீராக ஓடாது, கலந்துதான் ஓடும். ஆனாலும் பாஸிடம் பொலியிலிருந்து தொடங்குங்கள். அவருக்கு உடனே பிடிபடும்.

இனி வேலைக்கு வருவோம். எல்லாக் கட்டுப்பாட்டையும் முதல் நாளே போட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்கத் தேவையும் இல்லை. கூரையும் ஜன்னலும் மூடும்வரை சாதாரண ஒழுங்கு போதும். மூடியதும் முதலில் கொங்கிரீட்டைக் கவனியுங்கள். பச்சையாக விட்ட கொங்கிரீட் வருடக்கணக்கில் பொடி உதிர்க்கும். சீலிங்குக்கு மேலே மறையப்போகும் தட்டின் அடிப்பக்கத்துக்கும் சீலர் அடித்துவிட வேண்டும். யாருக்கும் தெரியாத இடம் என்று அதைத்தான் முதலில் வெட்டப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

பேனல் நிற்கத் தொடங்கியதும் அறுக்கிற வேலை வெளியே போய்விட வேண்டும். உள்ளே அளவெடு, வெளியே அறு, விளிம்பைத் தேய், துடை, பிறகு உள்ளே கொண்டு வா. துளை போடுவதைத் தவிர்க்க முடியாது. அதை இரண்டு பேர் செய்ய வேண்டும். ஒருவர் ட்ரில் பிடிப்பார், மற்றவர் வேக்யூமின் வாயைத் துளைக்கு ஒரு விரற்கடை கீழே பிடிப்பார். ட்ரில் நின்ற பிறகும் பத்து எண்ணும்வரை வேக்யூம் ஓட வேண்டும். நல்ல ஜோடி அமைந்தால் துளைக்கு அடியில் விரலை வைத்துத் தேய்த்தாலும் ஒன்றும் ஒட்டாது. அந்த விரலைப் பாஸுக்குக் காட்டுங்கள்.

மட்டைப் பெட்டி, மரப் பலகைத் தட்டு, கடதாசிச் சீமெந்துப் பை இவையெல்லாம் வாசலோடு நிற்கட்டும். பொருளை வெளியே பிரித்து, 70 சதவீத ஐசோபுரப்பைல் அல்கஹோலில் நனைத்த நார் உதிராத துணியால் துடைத்து உள்ளே எடுங்கள். பழைய சேர்ட்டைக் கிழித்த துணி உதவாது, அதுவே நார் கொட்டும்.

டக்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு, காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள், துணி வெள்ளையாகவே வரும்வரை. இரண்டு வாயையும் பொலித்தீனால் மூடி டேப் சுற்றுங்கள். பூட்டும் நிமிடத்தில், பூட்டும் பக்கத்தை மட்டும் திறவுங்கள். தேநீருக்குப் போனாலும் திறந்த வாய் மூடியிருக்க வேண்டும்.

நம் இடத்துக்கென்று இரண்டு சங்கடங்கள் இருக்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வயல் புழுதியும், அறுவடை நேரமானால் வைக்கோல் தூசும் ஜன்னல் இடுக்கால் வரும். அப்போது படிக்கட்டுப் பக்கம் பொலித்தீன் திரை இரண்டு போட்டு, ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். மாரியில் பிரச்சினை ஈரம். நனைந்த ஜிப்சம் பலகையைக் காய வைத்துப் பாவிக்க வேண்டாம். அதன் கடதாசியில் பூஞ்சணம் பிடித்தால் வித்து எங்கும் பரவும். அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சணத்தின் வித்து இரண்டு மூன்று மைக்ரோன்தான். வைத்தியசாலைகளில் கட்டட வேலைத் தூசியோடு அது பரவி, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளர்களின் நுரையீரலைத் தாக்கி உயிரையே எடுத்திருக்கிறது. பாஸ் அவரது வேலையின் கனத்தை அறிய வேண்டும், அதனால் இதையும் அவரிடம் சொல்லுங்கள்.

திருநீற்றுக்கு வருகிறேன். அவரைத் தனியாகக் கூப்பிட்டு "இதை அழியுங்கள்" என்று சொல்லாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் சொன்னேன். அந்த ஐயா ஒன்றும் பேசாமல் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார், ஆனால் பிறகு என்னோடு சிரிக்கவே இல்லை. எனக்கு அது இன்னமும் வலிக்கிறது. காலையில் எல்லாரையும் ஒன்றாக நிறுத்திப் பேசுங்கள். முகப் பவுடர், திருநீறு, சந்தனம், வெற்றிலைச் சுண்ணாம்பு, பீடி எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்துச் சொல்லுங்கள். புகை குடித்தவரின் மூச்சிலிருந்து பல நிமிடங்களுக்குத் துகள் வந்துகொண்டே இருக்கும் என்று சொன்னால் இளம் பெடியன்மாருக்கும் உறைக்கும். வாசலில் ஒரு குழாய், சவர்க்காரம், கண்ணாடி வையுங்கள். கண்ணாடிக்குக் கீழே ஒரு சிறிய தட்டில் திருநீறும் வையுங்கள். வேலை முடித்து வெளியே வரும்போது பூசிக்கொள்ளலாம். நான் பிறகு வேலை செய்த சைட்டில் அப்படித்தான் வைத்தோம். முதலில் கை கழுவிப் பழகியவர்கள் வயதானவர்கள்தான்.

தலைமூடியும் முகமூடியும் கடைசிக் கட்டத்துக்குத்தான் தேவை. அதுவரை சப்பாத்து உறையும் வாசலில் ஒட்டும் விரிப்பும் போதும். விரிப்பின் மேல்தாள் கறுத்தால் அன்றே உரித்து எறியுங்கள். கறுத்த தாளை மிதித்துவிட்டுப் போவதில் பயனில்லை.

ஹெப்பா ஃபில்டர் வருமுன் ஒரு வேலை இருக்கிறது. முன்ஃபில்டரை மட்டும் போட்டு, காற்றாடியை ஒரு முழு நாள் ஓடவிட்டு, ஒவ்வொரு காற்று வாயிலும் வெள்ளைத் துணி கட்டுங்கள். மறுநாள் பாஸோடு சேர்ந்து அவிழ்த்துப் பாருங்கள். எந்தத் துணியிலாவது சாம்பல் நிறம் தெரிந்தால் ஹெப்பாப் பெட்டியைத் திறக்க வேண்டாம், அந்தக் கிளையைத் திரும்பத் துடையுங்கள். பெட்டிகளை அம்புக்குறி காட்டுகிறபடி நிமிர்த்தியே வையுங்கள், மேலே எதையும் அடுக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி நார்த் தாள், ஒரு விரல் பட்டாலே கிழியும்.

துணியை அவிழ்க்கிற அன்று படம் எடுத்து அனுப்புங்கள். பாஸ் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.