பெருந்தொற்று ஆண்டில் ஒரு பந்தயம்கூட நடத்தாத வட்டார ரோயிங் (துடுப்புப் படகுப் போட்டி) சங்கம் சந்தா வாங்கியது நியாயமா?

நியாயம்தான். 2020இல் அப்படியொரு சங்கத்தின் செயலாளராக இருந்தவன் சொல்கிறேன். தன் கட்சிக்குத்தானே பேசுவான் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் பிள்ளை அந்த ஆண்டுதான் புதிதாகச் சேர்ந்திருக்க வேண்டும், சந்தா கட்டிய கையோடு படகுக் கொட்டகையைப் பூட்டியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் போட்டி நின்றதால் செலவும் நின்றுவிட்டது என்று பேசுபவர்கள் வரவு செலவுக் கணக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. கொட்டகை வாடகை நிற்கவில்லை. காப்பீடு நிற்கவில்லை, தண்ணீரில் இறங்காத படகும் தீப்பிடிக்கும், திருடு போகும். தேசியக் கூட்டமைப்புக்கான இணைப்புக் கட்டணமும் கட்டியாக வேண்டும். நின்றது ஒன்றே ஒன்று: பந்தயங்களின் நுழைவுக் கட்டணம். எங்களுக்கு அதுதான் பெரிய வருமானம்.

பந்தயத்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டவர்களும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கையே அந்த மார்ச் 24 அன்று தள்ளிவைத்தார்கள். 1839இல் தொடங்கிய இங்கிலாந்தின் ஹென்லி படகுப் பந்தயம், உலகப் போர்களுக்கு அடுத்தபடியாக, இந்தத் தொற்றுக்குத்தான் நின்றது. ஆண்டுதோறும் தேம்ஸ் ஆற்றில் படகுப் பந்தயம் நடத்தும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் அந்த ஆண்டு மோதவே இல்லை. 2021இல் தேம்ஸை விட்டுவிட்டு ஈலி என்ற ஊரில் போய் ஓட்டினார்கள். நாங்கள் எம்மாத்திரம்?

எட்டுப் பேர் துடுப்புப் போடும் எண்மர் படகில் ஒருவர் முதுகைப் பார்த்தபடி அடுத்தவர் உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் இடையே ஒன்றரை மீட்டர்கூட இருக்காது. பந்தயத் தூரமான 2000 மீட்டர் முழுக்க ஒருவர் விடும் மூச்சு முன்னால் இருப்பவரின் பிடரியில்தான் படும். இடைவெளி விட்டு உட்காருங்கள் என்று யாரிடம் சொல்வது? இருக்கைகள் அதனதன் இடத்தில் பொருத்தப்பட்டவை.

அதனால் கட்டுப்பாடு தளர்ந்ததும் ஒற்றையர் படகை மட்டும் இறக்கினோம். இதில்தான் வயிற்றெரிச்சல். அந்தப் படகு நீளத்தில் எட்டு மீட்டர், அகலத்தில் இரண்டு சாண்கூட இல்லை, எடை 14 கிலோ. துடுப்பை ஒரு நொடி விட்டால் கவிழ்ந்துவிடும். பழகியவர்கள் ஓட்டினார்கள். பெரிய படகில் மற்றவர்களோடு உட்கார்ந்து பழக வேண்டிய புதியவர்கள் கரையில் நின்றார்கள். வேண்டியவர்களுக்கு மட்டும் படகு கொடுத்தோம் என்று அப்போது பேசியவர்களுக்கு இதுவே பதில்: நீந்தத் தெரியும், கவிழ்ந்தால் மறுபடி ஏறத் தெரியும் என்று காட்டியவர்களுக்குக் கொடுத்தோம். அதிலும் இருவர் இருவராகத்தான் அனுப்பினோம், ஒருவர் கவிழ்ந்தால் இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டுமே.

கொட்டகையில் இருந்த ரோயிங் மெஷின்களை (தரையில் இருந்தபடியே துடுப்புப் போடுவதுபோல் இழுத்துப் பயிலும் இயந்திரங்கள்) உறுப்பினர்களின் வீடுகளுக்குக் கொடுத்து, இணையம் வழியாக ஒரு போட்டியும் வைத்தோம். உடனே, "அவன் மெஷின் இலகுவானது" என்று புகார். அந்த மெஷின், ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் காற்றுச் சக்கரம் எவ்வளவு விரைவில் வேகம் குறைகிறது என்று அளந்து, தன் கணக்கைத் தானே சரிசெய்துகொள்ளும். தூசி அடைத்த மெஷினில் இழுத்தாலும் உழைப்புக்கு ஏற்ற நேரம்தான் திரையில் வரும். இந்த மெஷின்களில் நடக்கும் உலக உள்ளரங்கப் போட்டியே 2021இல் இணையம் வழியாகத்தான் நடந்தது. அதை ஏற்றுக்கொண்டவர்கள் எங்களிடம் மட்டும் குறை கண்டார்கள்.

கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் தண்ணீருக்குத் திரும்பிய பிறகும் காத்திருந்தவர்கள் காக்ஸ்கள், அதாவது துடுப்புப் போடாமல் படகைத் திசைதிருப்பி, மற்றவர்களுக்குக் கட்டளை இடுபவர்கள். எண்மர் படகில் காக்ஸ் மட்டும்தான் மற்றவர்களுக்கு எதிர்முகமாக, கைக்கெட்டும் தூரத்தில், வாய் ஓயாமல் கத்திக்கொண்டு உட்காருபவர். எனவே கடைசியில் விட்டோம், சரி. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் காக்ஸ்கள் எப்படி இருக்கிறார்கள் என்று படகோட்டி ஒருவராவது கேட்டாரா? எடை 55 கிலோவுக்குக் குறைந்தால் பாக்கிக்கு மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள், படகை நேராக ஓட்டுகிறார்கள், வென்றால் பத்திரிகைப் படத்தில் ஓரத்தில் வெட்டுப்படுகிறார்கள். பரிசளிப்பு மேடையில் எட்டுப் பதக்கங்களோடு வந்து நின்ற விருந்தினரையும் பார்த்திருக்கிறேன். ஒன்பதாவதை நான்தான் அலுவலக மேசைக்கு ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

உங்கள் சங்கம் எப்படி என்று எனக்குத் தெரியாது. பொதுக்குழுவில் அந்த ஆண்டின் கணக்கைக் கேளுங்கள். வாடகை, காப்பீட்டு ரசீதுகளைக் காட்டினால் சந்தா போன வழி தெரிந்துவிடும். காட்ட மறுத்தால் நானே உங்கள் பக்கம். ஆனால் அந்த ஆண்டுப் புதியவர்களுக்கு அடுத்த பருவப் பயிற்சியில் முன்னுரிமை தந்தார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நாங்கள் தந்தோம், அதற்கும் பழைய உறுப்பினர்கள் சண்டைக்கு வந்தார்கள்.